பழைய தோற்றத்தை விடாத இணையதளம்

கேள்வி: கோத்தகிரியில் வீடுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவோருக்காக, பைத்தான் மொழியில் இணையதளம் எழுத உதவும் ஜாங்கோவில் முன்பதிவுத் தளம் ஒன்றை எழுதியிருக்கிறேன். வடிவமைப்பைத் திருத்தி சர்வரில் ஏற்றிய பிறகும் பலருக்குப் பழைய தோற்றமே தெரிகிறது. தோற்றத்தையும் இயக்கத்தையும் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் 14 உள்ளன. அவற்றை ஒன்றாகக் கட்டினால் இது தீருமா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: தீராது. ஒரே கோப்பாகக் கட்டினாலும் அதன் பெயர் மாறாதவரை, உலாவி தான் முன்பே சேமித்து வைத்திருப்பதையே எடுத்துக் காட்டும். உள்ளடக்கம் மாறும்போது கோப்பின் பெயரும் தானாக மாற வேண்டும். உங்களுக்கு முதல் தேவை அதுதான்.

ஜாங்கோவில் 1.7 பதிப்பிலிருந்தே இதற்கென மேனிஃபெஸ்ட் ஸ்டேடிக்ஃபைல்ஸ் ஸ்டோரேஜ் என்ற வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் அதை அமைத்துக் கலெக்ட்ஸ்டேடிக் கட்டளையை இயக்கினால், வெவ்வேறு அடைவுகளில் கிடக்கும் கோப்புகள் ஓரிடத்தில் சேர்வதோடு, ஒவ்வொன்றின் உள்ளடக்கத்திலிருந்தும் எம்டி5 என்ற கணக்கீட்டு முறையில் பெற்ற 12 எழுத்துக் குறி அதன் பெயரில் இணைக்கப்படும். எந்தப் பெயர் எதுவாக மாறியது என்ற பெயர்ப்பட்டியலும் உருவாகும். சிஎஸ்எஸ்ஸுக்குள் சுட்டப்படும் படங்களின் பெயர்களும் அதற்கேற்பத் திருத்தப்படும். டெம்ப்ளேட்டில், அதாவது பக்கங்களின் எச்டிஎம்எல் வார்ப்பில், கோப்புகளின் முகவரிகளைக் கையால் எழுதாமல் ஜாங்கோவின் ஸ்டேடிக் டேக் வழியாகவே தாருங்கள். ஓரிடத்தில் தவறவிட்டாலும் அந்தக் கோப்பு பழையதாகவே நிற்கும். செட்டிங்ஸில் டீபக் ட்ரூவாக (சோதனை நிலையில்) இருக்கும்போது இந்தப் பெயர்மாற்றம் நிகழாது என்பதால், உங்கள் கணினியில் சரியாகத் தெரிவதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

இத்துடன், இக்கோப்புகளை அனுப்பும் ஒயிட்நாய்ஸ் தொகுப்பையும் சேர்த்து, கோப்புகளைச் சுருக்கும் அதன் ஸ்டோரேஜைச் செட்டிங்ஸில் அமைத்துக்கொண்டால், கோப்புகள் சுருக்கி அனுப்பப்படும். குறி பெற்ற கோப்புகளைப் பத்தாண்டுகள் வரை மீண்டும் கேட்காமல் வைத்துக்கொள்ளலாம் என்றும் உலாவிக்குச் சொல்லப்படும். மேட்டுப்பாளையத்திலிருந்து வளைவுகளில் ஏறும் பேருந்தில், சிக்னல் வந்து வந்து போகும் கைபேசியில் உங்கள் தளத்தைத் திறப்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

ஒன்றாகக் கட்டுவது அதற்கு அடுத்தது. உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையின் இரண்டாம் பதிப்பான எச்டிடிபி 2 வழியாகத் தளம் இயங்கினால் 14 கோப்புகளும் ஒரே இணைப்பில் சேர்ந்தே வந்துவிடும். அவற்றைக் கட்டினாலோ, ஒரு வரியை மாற்றினாலும் முழுக் கட்டும் மறுபடி இறங்க வேண்டும். ஆனால் உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் கோப்புகள் ஒன்றையொன்று பெயர் சொல்லி இம்போர்ட் செய்பவையாக (உள்ளே அழைப்பவையாக) இருந்தால் நிலைமை வேறு: அந்த வரிகளுக்குள் உள்ள பெயர்களை ஜாங்கோ இயல்பாகத் திருத்துவதில்லை. அந்நிலையில் ஈஎஸ்பில்ட் என்ற கட்டும் கருவியைக் கொண்டு அவற்றை மட்டும் கட்டி, கிடைத்த கோப்பைக் கலெக்ட்ஸ்டேடிக்கிடம் ஒப்படையுங்கள்.

புதிய பதிப்பை ஏற்றியதும் சர்வரை மறுதொடக்கம் செய்யுங்கள். பெயர்ப்பட்டியல் அப்போதுதான் மறுபடி வாசிக்கப்படும். கலெக்ட்ஸ்டேடிக்குடன், பழைய கோப்புகளை அழித்துவிடும் கிளியர் என்ற விருப்பத்தைச் சேர்க்க வேண்டாம். பழைய பக்கத்தைத் திறந்தபடியே வைத்திருப்பவரின் உலாவி, பழைய பெயருள்ள கோப்பையும் இன்னும் சில நாள் கேட்கக்கூடும்.