கைநாட்டும் காணியும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், நியூசிலாந்தின் மாவோரி மக்கள் ஓர் ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டு நிலத்தை இழந்த வரலாற்றை இரண்டு பத்திகளில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து வந்தவை. ஆகவே இந்த இதழின் பதில் பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

? மதராசப்பட்டினத்தை நாயக்கர் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார் என்றுதான் எங்கள் காலத்தில் படித்தோம். பாசிமணியைக் கொடுத்து அமெரிக்காவில் மன்ஹாட்டன் தீவை வாங்கினார்களே, அதைப் போன்றதுதானா இதுவும்?
— துறைமுகப் பணியில் ஓய்வு பெற்றவர், தண்டையார்பேட்டை

விற்கவில்லை. 1639-இல் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர், கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேயிடம் கொடுத்தது கிரயப் பத்திரம் அன்று, கவுல்; அதாவது நிபந்தனையோடு உரிமை தரும் சீட்டு. கோட்டை கட்டிக்கொள்ளலாம், இரண்டு ஆண்டுகளுக்கு ஊரின் வருவாயை அனுபவிக்கலாம், அதன் பிறகு வருவாயில் பாதி நாயக்கருக்குச் சேர வேண்டும் என்பதே அதன் சாரம். (நாம் சென்னை தினமாகக் கொண்டாடும் ஆகஸ்ட் 22-ஐ, ஜூலை 22 என்று வாதிடுவோரும் உண்டு. பிறந்த தேதியிலேயே தகராறு உள்ள ஊர் நம்முடையது.) உங்கள் தண்டையார்பேட்டை, எழும்பூரோடும் புரசைவாக்கத்தோடும் சேர்ந்து 1693-இல் கம்பெனியின் கைக்குப் போயிற்று. திருவொற்றியூர், கத்திவாக்கம், வியாசர்பாடி, சாத்தாங்காடு, நுங்கம்பாக்கம் ஆகிய ஐந்தும் 1708-இல் போயின. பெரம்பூர், வேப்பேரி, எர்ணாவூர், சடையன்குப்பம், புதுப்பாக்கம் ஆகியவை 1742-இல் சேர்ந்தன. இதற்கிடையில் கொடுத்தவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்: முதலில் விஜயநகர அரசின் நாயக்கர், பிறகு மொகலாய அதிகாரிகள், அதன் பிறகு ஆற்காட்டு நவாபு. ஆனால் ஒவ்வொரு முறையும் கைமாறியது வரி வாங்கும் உரிமைதான். உழுதவர் அதே வயலில் உழுதார், வலை வீசியவர் அதே கரையில் வலை வீசினார். கப்பம் போய்ச் சேரும் வாசல் மட்டும் மாறியது. குடிகளையே அப்புறப்படுத்திவிட்டு வேறு குடிகளை அமர்த்திய அமெரிக்க, ஆஸ்திரேலிய வரலாற்றை இதோடு ஒன்றாக வைப்பது சரியாகாது.

மன்ஹாட்டனைப் பற்றியும் ஒரு திருத்தம். 1626-இல் அறுபது கில்டர் பெறுமான பொருளுக்குத் தீவை வாங்கியதாக ஒரு டச்சுக் கடிதம் சொல்கிறது. பத்திரம் எதுவும் கிடைக்கவில்லை. பாசிமணி பின்னாளில் சேர்ந்த கதை.

அதற்காக மதராசில் யாரையுமே இடம்பெயர்க்கவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டி இந்தியர் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரம், பிரெஞ்சுக்காரர் ஊரைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்த காலத்தை ஒட்டி, பீரங்கிக்கு வெட்டவெளி வேண்டும் என்பதற்காகத் தரைமட்டமாக்கப்பட்டது. அங்கிருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் தப்பவில்லை. அது பின்னர் பூக்கடைப் பகுதியில் மீண்டும் எழுந்தது. கோயில் முன்பு இருந்த இடத்தில் இன்று உயர் நீதிமன்றம் இருக்கிறது. வெட்டவெளியின் எல்லையைக் காட்ட 1773-இல் நட்ட ஆறு தூண்களில் எஞ்சிய ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் சுவரோரம், பேருந்துப் புகை படிந்து நின்றுகொண்டிருக்கிறது. அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

? எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் கைநாட்டு வாங்கி ஏமாற்றினார்கள் என்பதுதானே மொத்தக் கதையும்?
— கல்லூரி மாணவி, வியாசர்பாடி

அப்படிச் சொல்வது, ஏமாந்தவர்களை அறிவிலிகள் ஆக்கிவிடுகிறது. சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவருக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடப் போய், ஒரு சார்பதிவாளர் அலுவலகத்தில் அரைநாள் காத்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு மூதாட்டி. இடது பெருவிரலில் மை தடவி உருட்டுவதற்கு முன், பத்திரம் எழுதியவர் நான்கெல்லையை வாசித்துக் காட்டினார். எல்லாவற்றுக்கும் தலையசைத்தவர், கடைசியில், “கெணத்த சொல்லலியேப்பா” என்றார். “அது இதுல வராது ஆயா” என்று சொல்லி விரலைப் பிடித்து அழுத்தினார்கள். அந்தக் கிணற்றில் யார் யாருக்குத் தண்ணீர் எடுக்கும் பாத்தியதை உண்டு என்பது அந்த அம்மாளுக்குத் தெரியும், எழுதியவருக்குத் தெரியாது. இருவரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் யார் என்பதை வைத்து, விஷயம் தெரிந்தவர் யார் என்று முடிவுகட்ட முடியாது.

மாவோரி மக்களின் கதையும் இதுதான். 1840-க்குள் அவர்களில் கணிசமானோர் தங்கள் மொழியில் எழுதவும் படிக்கவும் கற்றிருந்தார்கள். அந்த ஆண்டு பிப்ரவரி 4 அன்று, ஆங்கிலேய அரசின் பிரதிநிதி கேப்டன் ஹாப்சன் கொடுத்த ஒப்பந்தத்தின் ஆங்கில வரைவை, ஹென்றி வில்லியம்ஸ் என்ற பாதிரியாரும் அவருடைய மகனும் ஒரே இரவில் மாவோரி மொழிக்குப் பெயர்த்தார்கள். ஆங்கிலத்தில் தலைவர்கள் தங்கள் ‘இறையாண்மை’ முழுவதையும் அரசிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். மாவோரி வாசகத்தில் அவர்கள் கொடுப்பது ‘காவானதாங்கா’. கவர்னர் என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வார்த்தெடுத்த சொல் அது. வேதாகம மொழிபெயர்ப்பில் பிலாத்துவுக்கு வழங்கிய பட்டத்திலிருந்து அவர்களுக்குப் பழக்கமானது. நம் தமிழ் வேதாகமத்தில் ‘தேசாதிபதியாகிய பொந்தியு பிலாத்து’ என்று வருகிறது அல்லவா? அப்படியானால் அவர்கள் சம்மதித்தது ஒரு வகைத் தேசாதிபதித்துவத்துக்கு. பிலாத்துவுக்கு மேலே ஓர் இராயன் இருந்தான், கீழே யூதர்களுக்கு அவர்களுடைய தலைவர்களும் இருந்தார்கள் என்பது வேதம் படித்தவர்களுக்குத் தெரிந்ததுதான். அதற்கடுத்த பிரிவில், நிலத்தின் மீதும் ஊர்களின் மீதும் அரும்பொருள்களின் மீதும் தலைவர்களுக்குள்ள முழு அதிகாரமும் அவர்களிடமே இருக்கும் என்று அவர்களுடைய சொல்லாலேயே எழுதியிருந்தது. ஏறத்தாழ 540 தலைவர்கள் ஒப்பமிட்டார்கள். பெரும்பாலோர் ஒப்பமிட்டது மாவோரி வாசகத்தில். ஆங்கிலப் படியில் ஒப்பமிட்டவர்கள் நாற்பது பேருக்குக் கிட்டத்தட்ட. சிலர் தங்கள் முகத்தில் குத்தியிருந்த பச்சையின் கோலத்தையே தாளில் வரைந்தார்கள். ஒருவருடையது மற்றவருடையதைப் போல இராது. ஆகவே நம் பெருவிரல் ரேகையைவிட அது குறைந்த கையெழுத்தன்று.

இன்னொரு கண்ணியும் அந்தத் தாளில் இருந்தது. நிலத்தை விற்பதானால் ஆங்கிலேய அரசுக்கே விற்க வேண்டும். காசிமேட்டு ஏலத்தில் ஒரே ஒருவர்தான் மீன் எடுக்கலாம் என்று விதி போட்டால் ஒரு கூடை வஞ்சிரம் என்ன விலைக்குப் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். அரசு அடிமாட்டு விலைக்கு வாங்கி, குடியேறியவர்களுக்குப் பன்மடங்கு விலையில் விற்றது. விற்க மறுத்து எதிர்த்து நின்றபோது, 1863-இல் சட்டம் போட்டு, வைகாட்டோ பகுதியில் மட்டும் 12 லட்சம் ஏக்கரைப் பறிமுதல் செய்தது. 1865-இல் நிலத்துக்கென்றே நிறுவிய நீதிமன்றம், குலம் முழுவதற்கும் பொதுவான நிலத்தின் பட்டாவில் பத்துப் பேருக்கு மேல் பெயர் எழுத மறுத்தது. பெயர் ஏறிய பத்துப் பேரும் சட்டப்படி உரிமையாளர்கள் ஆனார்கள். மற்றவர்கள் தங்கள் நிலத்திலேயே அந்நியர்கள் ஆனார்கள். துப்பாக்கியைவிட இந்தப் பத்துப் பெயர் விதிதான் கொடியது என்பது என் எண்ணம். சண்டையில் எதிரி கண்ணுக்குத் தெரிவான். பட்டாவில் பங்காளிதான் தெரிவான்.

1877-இல் தலைமை நீதிபதி பிரெண்டர்காஸ்ட் அந்த ஒப்பந்தமே செல்லாதது என்று தீர்ப்பளித்தார். 1975-இல் விசாரணைக்கென ஒரு தீர்ப்பாயம் அமைந்தது. 1840 முதலான குறைகளை விசாரிக்கும் அதிகாரம் அதற்கு 1985-இல்தான் கிடைத்தது. வைகாட்டோ மக்களுக்கு 1995-இல் 17 கோடி நியூசிலாந்து டாலர் பெறுமான இழப்பீடும், எலிசபெத் அரசி ஒப்பமிட்ட சட்டத்திலேயே மன்னிப்பும் கிடைத்தன. பறிபோனதில் அது மிகச் சிறிய பங்கே.

? ஒப்பந்தத்தை மீறினால் வழக்குப் போட வழியில்லையா?
— எண்ணூர் வாசகர்

கிழக்கு ஆப்பிரிக்காவில் மாசாய் மக்கள் வழக்குப் போட்டார்கள். 1904-இல் பிரிட்டிஷாரோடு செய்த ஒப்பந்தத்தில், பிளவுப் பள்ளத்தாக்கின் மேய்ச்சல் நிலங்களை விட்டு விலகி, வடக்கே லைக்கிப்பியாவுக்கும் தெற்கே வேறொரு பகுதிக்கும் போக ஒப்புக்கொண்டார்கள். மாசாய் இனம் உள்ளவரை அந்த ஏற்பாடு நிலைக்கும் என்று அந்த ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. ஏழே ஆண்டுகளில், 1911-இல், லைக்கிப்பியாவும் வெள்ளையருக்குத் தேவைப்பட்டது; இன்னொரு ஒப்பந்தம் வந்தது. மாசாய்கள் 1913-இல் நீதிமன்றம் ஏறியபோது கிடைத்த பதில் விசித்திரமானது. நீங்கள் பிரிட்டிஷ் குடிகள் அல்லர், அயல் நாட்டார். உங்களோடு செய்தது இரு அரசுகளுக்கிடையிலான உடன்படிக்கை. அதை விசாரிக்க இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று வழக்கைத் தள்ளினார்கள். நிலத்தை எடுக்கும்போது எவ்வகையிலும் சமமாக நடத்தாதவர்களுக்கு, வழக்கைத் தள்ளும்போது மட்டும் தனிநாட்டு அந்தஸ்து கிடைத்தது.

வென்ற வழக்கும் உண்டு. பிளாக் ஹில்ஸ் மலைகள் அங்கே வாழ்ந்த சூ என்ற பழங்குடி மக்களுக்கே உரியவை என்று 1868-இல் அமெரிக்க அரசு உடன்படிக்கை செய்தது. 1874-இல் அங்கே தங்கம் தென்பட்டது. 1877-இல் அரசு மலைகளை எடுத்துக்கொண்டது. அது முறைகேடு என்று 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டு, பத்துக் கோடி டாலருக்கு மேற்பட்ட இழப்பீட்டை உறுதி செய்தது. அந்தப் பணத்தை அவர்கள் இன்றுவரை தொடவில்லை. வாங்கினால் விற்றதாகிவிடும் என்கிறார்கள்.

? நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கரையில் இருக்கிறோம். கையில் பத்திரம் கிடையாது. பத்திரம் இல்லாதவர்களின் உரிமையை எந்த நாட்டு நீதிமன்றமாவது ஏற்றுக்கொண்டிருக்கிறதா?
— மீனவர் குடும்பத்து வாசகி, காசிமேடு

ஏற்றுக்கொண்டிருக்கிறது, ஆஸ்திரேலியாவில். அங்கே அரசு ஒப்பந்தம் என்ற பாவனைகூடச் செய்யவில்லை. 1835-இல் ஜான் பேட்மன் என்பவர், இன்றைய மெல்போர்ன் பகுதியில் போர்வை, கத்தி, கோடரி, மாவு இவற்றைக் கொடுத்து ஆறு லட்சம் ஏக்கருக்கு ஒப்பந்தம் எழுதிக்கொண்டு வந்தார். கவர்னர் பர்க் அதைச் செல்லாது என்றார். பழங்குடியினர் ஏமாற்றப்பட்டார்கள் என்பது அதற்குக் காரணமன்று. நிலம் ஏற்கெனவே அரசருடையது, ஆகவே விற்க அவர்களிடம் ஒன்றும் இல்லை என்பதே காரணம். ஆளில்லா நிலம் என்ற அந்தப் பொய் 1992 ஜூன் 3 வரை சட்டமாக நின்றது. மர்ரே தீவைச் சேர்ந்த எடி மாபோவும் உடன் நின்றவர்களும், எந்தத் தோட்டம் எந்தக் குடும்பத்துடையது, எது எல்லை, தந்தைக்குப் பின் யாருக்கு என்பதையெல்லாம் வாய்மொழியாகவே சாட்சி சொன்னார்கள். உயர் நீதிமன்றம் ஏற்றது. மாபோ தீர்ப்பைக் கேட்கவில்லை. ஐந்து மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார்.

அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. இங்கே காட்டில் வாழ்பவர்களுக்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இருக்கிறது. கடற்கரைக்கு அதற்கு இணையான சட்டம் இல்லை. புறம்போக்கு என்பதை நாம் வசைச்சொல் ஆக்கிவிட்டோம். வருவாய்த் துறையின் பேச்சில் அது தீர்வை விதிக்காத பொதுநிலம். ஏரியும் களமும் மேய்ச்சலும் சுடுகாடும் அதில் அடங்கும். பழவேற்காட்டில் இன்ன நாளில் இன்னார் வலை போடுவது என்று ‘பாடு’ முறை வகுத்து வாழ்கிறார்கள். அந்த முறைக்கு எந்தச் சர்வே எண்ணும் கிடையாது. உங்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: வலை உலர்த்தும் இடம், படகு ஏற்றும் இடம், அவற்றின் பெயர்கள், யார் பயன்படுத்துகிறார்கள் என்பதையெல்லாம் பெரியவர்கள் இருக்கும்போதே தேதியிட்டு எழுதி வையுங்கள்.

? அயல்நாட்டுக் கதைகள் இருக்கட்டும். பஞ்சமி நிலம் பற்றி ஏன் வாயே திறப்பதில்லை?
— ஆசிரியர், பெரம்பூர்

நியாயமான கோபம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர், அம்மாவட்டத்துப் பறையர் சமூகத்தின் நிலையைப் பற்றி 1891-இல் எழுதிய அறிக்கையின் விளைவாக, 1892-இல் நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. மிராசுதாரர்களின் காணியாட்சியில் தலைமுறைகளாக உழைத்தும் ஒரு குழி நிலம் இல்லாதவர்களுக்கு, பிற சாதியாருக்கு மாற்றக்கூடாது என்ற நிபந்தனையோடு தரப்பட்ட நிலம் அது. நிபந்தனை தாளில் இன்றும் இருக்கிறது. நிலம் பல ஊர்களில் வேறு கைகளில் இருக்கிறது. காரணை என்ற ஊரின் பஞ்சமி நிலத்துக்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் காவல்துறை சுட்டு இருவர் இறந்தார்கள். மாவோரிகளிடமிருந்து பறித்தவன் கடல் கடந்து வந்தவன். இங்கே பறித்தவர் அடுத்த தெருக்காரர். அதனால்தான் இதைப் பேச நமக்கு நா எழுவதில்லை. தனிக் கட்டுரையாகவே எழுதுகிறோம்.

? இன்றும் நடைமுறையில் உள்ள பழைய ஒப்பந்தம் ஏதாவது உண்டா?
— பள்ளி மாணவர், திருவொற்றியூர்

கனடாவில் இருக்கிறது. 1850-இல் ஹூரான், சுப்பீரியர் ஏரிகளின் கரையில் வாழும் அனிஷினாபே மக்களோடு செய்த இரண்டு ஒப்பந்தங்கள், நிலத்தின் வருவாய் பெருகினால் ஆண்டுத்தொகையும் பெருகும் என்று சொன்னன. 1875-இல் அது தலைக்கு நான்கு டாலர் ஆயிற்று. காட்டு மரமும் சுரங்கமும் கொழித்த அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளில் அது ஏறவே இல்லை. அரசு தன் வாக்கை மானக்கேடாக மீறியது என்று கனடா உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே ஹூரான் பக்கத்தாரோடு ஆயிரம் கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டிருந்தது. நான்கு டாலர் என்றால் நம் கணக்கில் ஓர் ஆளின் ஒரு வேளைப் பிரியாணி.