பெண்கள் மீதான வன்முறையையும் எச்.ஐ.வி.யையும் தடுப்பதில் கோயில், தேவாலயம், ஜமாஅத் போன்றவற்றுக்கு என்ன பங்கு?

பாலின வன்முறை என்பது, பெண் என்பதாலோ திருநங்கை என்பதாலோ ஒருவர் மீது நிகழும் அடி, மிரட்டல், பாலியல் கட்டாயம் எல்லாம் சேர்ந்தது. எச்.ஐ.வி.யோடு இதற்கு நேரடித் தொடர்பு உண்டு. கணவனிடம் ஆணுறை கேட்க அஞ்சுகிறவளால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. தொற்று தெரிந்தால் அடி விழும் என்று அஞ்சுகிறவள் பரிசோதனைக்கே போகமாட்டாள்.

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில், எச்.ஐ.வி.யைக் கட்டுக்குள் வைக்கும் கூட்டு மருந்து சிகிச்சை இலவசம். பாலியல் வன்முறைக்கு ஆளானவர் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் உட்கொண்டால் பெரும்பாலும் தொற்றைத் தவிர்க்கலாம். ஆனால், கண்மாய் நிறைந்திருந்தும் மடை திறக்காத வயலைப்போல, பலருக்கு இவை எட்டுவதில்லை. மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்தில் பல பெண்கள் முதலில் நாடுவது காவல் நிலையத்தை அல்ல. பங்குத்தந்தையை, ஜமாஅத் பெரியவரை, கோயில் கமிட்டியாரை. அவர்கள் ‘பொறுத்துப் போ’ என்று திருப்பி அனுப்பினால் கதவு மூடிவிடுகிறது. 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைத்துக் கொடுத்தால், ரகசியம் காத்தால், அவள் பிழைப்பாள். அடிக்கிற ஆணைக் கூப்பிட்டுக் கண்டிப்பதும் அவர்கள் கடமைதான். அதில் பலர் தயங்குவது எனக்குப் பெரும் ஆதங்கம்.

எச்.ஐ.வி. பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று பலர் நினைப்பது தவறு: அது ஒரு வைரஸ், கணவனைத் தவிர யாரையும் அறியாத மனைவிக்கும் வரும், அன்னதானப் பந்தியில் அருகே அமர்ந்து சாப்பிடுவதால் வராது.