பத்தாம் வகுப்புக் கணக்கு, அறிவியலை இணையத்தில் படிக்கலாமா?

அஞ்செட்டிப் பக்கம் டியூஷன் இல்லை, சிக்னலும் சரியில்லை, மகள் தமிழ் வழியில் பத்தாவது என்கிறீர்கள். தாராளமாகப் படிக்கலாம்.

முதலில் மணற்கேணி செயலி. 2023-ல் பள்ளிக் கல்வித் துறை வெளியிட்டது. நம் பாடத்திட்டப்படியே தமிழ் வீடியோக்கள், இலவசம்.

அறிவியலுக்கு நான் அழுத்திச் சொல்வது அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) இணையதளம். சோதனைகளைத் திரையிலேயே நாமே செய்து பார்க்கலாம். அதில் ஓம் விதிச் சோதனையைத் திறந்து மின்தடையை ஏற்றுங்கள். மின்னோட்டத்தைக் குறிக்கும் எழுத்து கண்ணெதிரே சுருங்கும். மின்னழுத்தத்தை ஏற்றினால் பெரிதாகும். சூத்திரத்தை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அப்போதுதான் அது புரியும். கிருஷ்ணகிரிக்குப் போகும்போது பதிவிறக்கிக்கொண்டால், அப்புறம் இணையமே வேண்டாம்.

கணக்கு வேறு. பார்த்தால் வராது. முக்கோணவியல் கணக்கு திரையில் வந்ததும் வீடியோவை நிறுத்தி, நோட்டில் அவளே போட்டுப் பார்க்கட்டும். சிக்கிய இடத்தை மறுநாள் பள்ளி ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள்.