பழைய அம்பாசிடரில் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ மட்டும் வருகிறது. செல்ஃப் மோட்டாரை மாற்றத்தான் வேண்டுமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள்.

1976 மார்க் 3, பெட்ரோல் வண்டி, பேட்டரி புதுசு. காலையில் சாவியைத் திருப்பினால் ஒரு ‘டிக்’, நாலைந்து தடவை திருப்பினால் ஏதோ ஒரு தடவை எடுத்துக்கொள்கிறது, ஹாரனும் லைட்டும் நன்றாக இருக்கின்றன, மெக்கானிக் செல்ஃப் போய்விட்டது என்கிறார். நீங்கள் எழுதியது இவ்வளவுதான். மெக்கானிக் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அவர் எதையும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. விட்டு விட்டு எடுக்கிற செல்ஃபில் பெரும்பாலும் கோளாறு மோட்டாருக்கு வெளியே, கரண்ட் போகிற வழியில்தான் இருக்கும்.

ஹாரன் அடிக்கிறது, லைட் எரிகிறது என்பதை நம்பி ஏமாற வேண்டாம். ஒரு ஹெட்லைட் பல்பு இழுப்பது 4, 5 ஆம்பியர். செல்ஃப் மோட்டார் இஞ்சினைச் சுற்றும்போது 150 ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும், கிளம்பும் அந்த நொடியில் இன்னும் அதிகம். டெர்மினலில் பச்சை பூத்து 0.01 ஓம் தடை சேர்ந்திருக்கிறது என்று வையுங்கள். ஹெட்லைட்டுக்கு நஷ்டம் 0.05 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. செல்ஃபுக்கோ 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும். இதுபோல இரண்டு மூன்று இடம் சேர்ந்தால் மோட்டார் அசையாது, ‘டிக்’ மட்டும் மிச்சம்.

முதலில் காசில்லாத சோதனை. இருட்டியதும் வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்தி, ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அடியோடு செத்துப்போனால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரி முனையிலேயே பிடிப்பு சரியில்லை. வெளிச்சம் துளியும் குறையாமல் ‘டிக்’ மட்டும் கேட்டால் பெரிய கரண்ட் மோட்டாருக்குள் போகவே இல்லை. அப்போது சொலினாய்டின் (சாவியைத் திருப்பியதும் ‘டிக்’ என்று மூடி, செல்ஃபுக்குப் பெரிய கரண்டை விடும் சுவிட்ச்) உள் காண்டாக்ட், மோட்டாரின் கார்பன் பிரஷ் (சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கரித்துண்டு), அல்லது எர்த் (கரண்ட் இஞ்சின், பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதை) மேல் சந்தேகப்படலாம்.

அப்புறம் ஒரு சாதாரண மல்டிமீட்டர், சாவி திருப்ப ஒரு ஆள். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இழுத்திருக்கட்டும். ஸ்பார்க் பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடு வயரைக் கழற்றி இஞ்சின் உலோகத்தில் தொடும்படி வைத்துவிட்டால் செல்ஃப் சுற்றினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது. மீட்டர் டிசி 20 வோல்ட்டில்.

முதல் அளவு பேட்டரியில். மீட்டர் முனையை கிளாம்பில் வைக்காதீர்கள், நடுவில் இருக்கும் ஈயக் குமிழின் மேலேயே வையுங்கள். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். சாவியைத் திருப்பும்போது 10க்குக் கீழே போகக்கூடாது. போனால், புது பேட்டரியாகவே இருந்தாலும் முதலில் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு பார்க்க வேண்டும்.

இரண்டாவது எர்த். பெரும்பாலான வண்டிகளில் விஷயம் இங்கேதான் முடியும். பாடியோடு இணைந்திருக்கும் பேட்டரிக் குமிழில் ஒரு முனை, இஞ்சின் பிளாக்கில் சுரண்டிய ஒரு இடத்தில் இன்னொரு முனை. சாவியைத் திருப்பும்போது 0.2, 0.3 வோல்ட் வரலாம். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் கெட்டிருக்கிறது. இஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங் மேல். ரப்பர் கரண்டைக் கடத்தாது என்பதால் இஞ்சினையும் பாடியையும் இணைக்க ஒரு பின்னல் பட்டை உண்டு. டிங்கரிங், பெயிண்டிங் முடிந்து வரும் பழைய வண்டிகளில் இந்தப் பட்டையின் போல்ட்டுக்கு அடியில் புது பெயிண்ட் இருக்கும், அல்லது பட்டையையே திருப்பி மாட்டியிருக்க மாட்டார்கள். அந்த நிலையில் கரண்ட் சோக் கேபிள், ஆக்ஸிலேட்டர் கம்பி வழியாகத் திரும்பப் பார்க்கும். நாலைந்து தடவை முயன்ற பிறகு சோக் கேபிளைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மீட்டரே வேண்டாம். இன்னும் உறுதி வேண்டுமென்றால் தடிமனான ஜம்பர் கேபிள் ஒன்றால் பேட்டரியின் எர்த் முனையை நேராக இஞ்சின் பிளாக்கோடு சேர்த்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். செல்ஃப் விர்ரென்று சுற்றினால் நீங்கள் வாங்க வேண்டியது ஒரு எர்த் பட்டை மட்டும்.

மூன்றாவது சொலினாய்டு. அதன் இரண்டு தடித்த முனைகளுக்கு இடையே சும்மா இருக்கும்போது 12 வோல்ட் காட்டும். சாவியைத் திருப்பினால் அது கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வர வேண்டும். ‘டிக்’ கேட்ட பிறகும் 12 வோல்ட்டிலேயே நின்றால் உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கிறது. செல்ஃபை விட மிக மலிவான சாமான் அது.

கடைசியாக, செல்ஃப் மோட்டாரின் தடித்த முனைக்கும் அதன் உடம்புக்கும் நடுவே அளந்து பாருங்கள். அங்கே 11 வோல்ட்டுக்கு மேல் வந்தும் மோட்டார் அசையவில்லை என்றால் மெக்கானிக் சொன்னது சரி. அப்போதும் முழு மோட்டாரை மாற்ற அவசரம் வேண்டாம். கார்பன் பிரஷும் புஷ்ஷும் மாற்றி, ஆர்மேச்சரின் (சுழலும் பாகம்) காம்யூட்டேட்டரை, அதாவது பிரஷ் உரசும் செம்புப் பகுதியை, சுத்தம் செய்து கொடுக்கும் ஆட்டோ எலெக்ட்ரீஷியன்கள் இன்னமும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். புதுசு என்று சொல்லி விற்கப்படும் சிலவற்றை விட அந்தப் பழைய செம்புச் சுற்று நன்றாக உழைக்கும் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு வேளை ‘டக்’ என்று கனமான ஒரே சத்தம் கேட்டு, லைட்டும் நன்றாக மங்கினால், பெண்டிக்ஸ் பல் (இஞ்சினைச் சுற்ற செல்ஃபிலிருந்து நகர்ந்து வரும் சிறு பற்சக்கரம்) இஞ்சினின் ஃபிளைவீலில் சிக்கியிருக்கலாம். சாவியை எடுத்துவிட்டு, டாப் கியரில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் விடுபடும்.

டெர்மினலைக் கழற்றும்போது எர்த் பக்கத்தை முதலில் கழற்றுங்கள், மாட்டும்போது கடைசியில் மாட்டுங்கள். பச்சை பூத்த இடத்தில் சமையல் சோடா கலந்த வெந்நீர் ஊற்றி, காய்ந்ததும் உப்புத்தாளால் குமிழையும் கிளாம்பின் உட்புறத்தையும் பளபளக்கத் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். கேபிள் புதுசாகப் போடுவதாக இருந்தால் மேலுறையின் தடிமனைப் பார்த்து வாங்காதீர்கள்; உள்ளே செம்பு எவ்வளவு இருக்கிறது என்று வெட்டு முனையைக் காட்டச் சொல்லுங்கள். 35 சதுர மில்லிமீட்டர் இருந்தால் கவலையில்லை.

இதையெல்லாம் செய்த பிறகும் காலையில் மட்டும் பேட்டரி இறங்கியிருந்தால் அது வேறு கதை. பழைய டைனமோ வண்டி என்றால் கட்-அவுட்டின் (டைனமோ சுற்றாதபோது பேட்டரியை அதிலிருந்து பிரித்துவிடும் ரிலே) காண்டாக்ட் ஒட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க பேட்டரியை டைனமோ வழியாகக் காலி செய்துகொண்டிருக்கும். வண்டியை நிறுத்தியதும் கட்-அவுட் மூடியைத் திறந்து பாருங்கள், காண்டாக்ட் பிரிந்து நிற்க வேண்டும். அளந்த எண்களைக் கீழே எழுதினால் அடுத்து எங்கே பார்ப்பது என்று சொல்கிறேன்.