பெட்டிக்கடை வாசலில் தொங்கும் செய்தி

கேள்வி: மகன் ஹெல்சின்கியில் வேலை பார்க்கிறான். அங்கே ஒரு கடை வாசலில் மஞ்சள் தாளில் கொட்டை எழுத்துப் போஸ்டரைப் பார்த்துப் படம் அனுப்பியிருக்கிறான். “அம்மா, நம்ம டோல்கேட் பெட்டிக்கடை மாதிரியே இருக்கு” என்கிறான். அங்கேயும் இந்தப் பழக்கம் உண்டா?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

உண்டு அம்மா, உங்கள் மகன் சரியாகத்தான் பார்த்திருக்கிறார். அந்தப் போஸ்டருக்கு அங்கே ‘லோப்பி’ என்று பெயர். ஃபின்லாந்தில் இரண்டு பெரிய மாலைப் பத்திரிகைகள் உண்டு. 1932-இல் தொடங்கிய ‘இல்தா சனோமத்’ ஒன்று, 1980-இல் வந்த ‘இல்தாலெஹ்தி’ இன்னொன்று. ‘இல்தா’ என்றால் மாலை. ‘லெஹ்தி’ என்றால் இலை, பத்திரிகைக்கும் அதே சொல்தான். நாம் ஓலையைச் சொன்ன ‘ஏடு’ நாளேடு ஆகவில்லையா, அதே மாதிரி. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

அந்த ஊரில் காலைப் பத்திரிகை சந்தா கட்டியவர் வீட்டுக்கே வந்துவிடும். மாலைப் பத்திரிகையை மட்டும் கடையில் ஒவ்வொரு பிரதியாகத்தான் விற்றாக வேண்டும். நடந்து போகிறவரை நிறுத்துகிற வேலை லோப்பியுடையது. காசு கொடுத்து வாங்காதவரும் அதைப் படித்துவிடுவார். அதனால்தான் ஒருவர் பெயர் கெட்டு ஊர் வாயில் விழுந்தால் ‘லோப்பிக்கு வந்துவிட்டார்’ என்று பேசும் அளவுக்கு அந்தச் சொல் மொழியிலேயே ஒட்டிக்கொண்டது.

எனக்கு இது புதிதில்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் அப்பா பெட்டிக்கடை வைத்திருந்தார். சாயங்காலக் கட்டு வந்ததும் போஸ்டரைத் துணி கிளிப் போட்டு மாட்டுவது என் வேலை. மில் ஷிப்ட் விட்டு வருகிறவர்கள் பீடியைக் கயிற்று நெருப்பில் பற்ற வைத்தபடியே அதைப் படிப்பார்கள். பத்துப் பேர் படித்தால் இரண்டு பேர் வாங்குவார்கள்.

கேள்வி: மஞ்சள் என்றாலே ஆபாசம்தானே?
- கல்லூரி மாணவர், ராயபுரம்

அங்கே அப்படி இல்லை. பனிப்புயல், பென்ஷன், தேர்தல் எல்லாமே அந்த மஞ்சள் தாளில் வரும். நாம் அந்தச் சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்க நமக்கு வேறு காரணம் இருக்கிறது. சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதிய ‘இந்துநேசன்’ பத்திரிகையை நடத்திய லட்சுமிகாந்தன் 1944-இல் கொலையானதும், அந்த வழக்கில் நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் சிறையில் இருந்துவிட்டு 1947-இல் விடுதலையானதும் இந்த ஊரில் நடந்த கதை.

கேள்வி: இப்படிப் பெயரைத் தொங்கவிட்டால் அந்த மனிதர் என்ன ஆவார்?
- குடும்பத் தலைவி, காசிமேடு

ஃபின்லாந்தில் மத்தி நிக்கானென் என்று ஒரு ஸ்கி ஜம்ப் (பனிச்சறுக்கில் தாவுகிற விளையாட்டு) வீரர் இருந்தார். ஒலிம்பிக்கில் நான்கு தங்கம் வாங்கியவர். ஆட்டத்தை விட்ட பிறகு அவருடைய குடி, கல்யாணம், ஜெயில் எல்லாம் வருஷக்கணக்கில் கடை வாசலில் தொங்கின. 2019-இல் 55 வயதில் இறந்தார். அந்தத் தங்கங்களை விட மற்றதுதான் அதிகம் பேர் நினைவில் நின்றது என்பது எனக்குத் தாங்கவில்லை. தனிப்பட்ட வாழ்க்கையைக் காக்க அங்கே 1974-இல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. ‘ஹூமு’ என்ற பரபரப்புப் பத்திரிகையின் பெயரை வைத்தே மக்கள் அதைக் குறிப்பிட்டார்கள். அந்தச் சொல்லுக்குப் புன்னகை என்று அர்த்தம்.

நம் பக்கத்தில் நான் கண்ணால் பார்த்தது ஒன்று. அடுத்த தெருவில் ஓர் அக்கா வீட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நகை திருடியதாக அவர் பெயரும் தெருவும் போஸ்டரில் வந்தன. அப்பா என்னை மாட்ட விடவில்லை. நாலாக மடித்துக் கல்லாவுக்கு அடியில் வைத்துவிட்டார். கட்டு போடுகிறவர் சத்தம் போட்டார், பாதி பேப்பர் விற்காமல் திரும்பிப் போனது. நாலு நாள் கழித்து நகை அந்த வீட்டு பீரோவிலேயே கிடைத்தது. அதற்கு எந்தப் போஸ்டரும் வரவில்லை.

அந்த நாலு நாளும் அக்கா எங்கள் கடைக்கு மட்டும் வந்து, அவங்க அம்மாவுக்கு வெற்றிலை பாக்கு வாங்கிப் போனார்.