அம்மை ஒரு தடவை வந்தால் மறுபடி வருவதில்லை, வயிற்றுப்பூச்சி மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

கூடலூர்ப் பக்கம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை எனக்கு. தேயிலைத் தோட்டத்து அம்மாக்களும் இதையேதான் கேட்பார்கள்: "பள்ளிக்கூடத்துல மாத்திரை குடுத்தாங்களே, மறுபடியும் பூச்சிங்கிறீங்க?"

வயிற்றுப்பூச்சிகளில் ஒன்றான கொக்கிப்புழு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் நீளம். அம்மைக் கிருமியை மடக்குவதுபோல் இதை மடக்க முடியாது, ரத்தத்தில் கிருமியோடு சண்டை போடும் எந்த வெள்ளணுவாலும் விழுங்கவும் முடியாது. அதனால் உடம்பு விரட்டத்தான் பார்க்கும். குடல்சுவரில் உள்ள சில செல்கள் புழுவை மோப்பம் பிடித்து சிக்னல் கொடுக்க, இன்டர்லூக்கின் (எதிர்ப்பு செல்கள் தங்களுக்குள் செய்தி சொல்லும் புரதம்) 4, 5, 13 என்று வரிசையாகச் சுரந்து, குடல் சளியையும் தண்ணீரையும் கொட்டி வேகவேகமாகச் சுருங்கி வெளியே தள்ளும். ஆய்வக எலியில் சில வகைப் புழுக்கள் இதிலேயே இரண்டு வாரத்துக்குள் போய்விடும்.

இன்டர்லூக்கின் 5 தான் ஈசினோஃபில் என்ற ஒருவகை வெள்ளணுக்களைப் பெருக வைப்பது. ஸ்லைடில் பார்த்தவுடன் தெரிந்துவிடும், இரண்டு மடலாகப் பிரிந்த உட்கரு, சுற்றிலும் ஆரஞ்சு நிற மணிகள். வழக்கமாக நூறு வெள்ளணுவில் 1 முதல் 6 இருக்கும், புழு உள்ளே நுழைந்த புதிதில் 20, 30 கூடப் போகும். (அலர்ஜியிலும் ஏறும், ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்களே மாத்திரை போடாதீர்கள்.)

இவ்வளவு இருந்தும் மனிதக் குடலில் கொக்கிப்புழு வருடக்கணக்கில் குடியிருக்கிறது. காரணம், அது சுரக்கும் புரதங்கள் நம் எதிர்ப்பை அமுக்கிவிடுகின்றன. எதிர்ப்பை எல்லை மீறாமல் கட்டுப்படுத்தும் டி செல்கள் (இவையும் வெள்ளணு வகைதான்) கூடி, சண்டையைத் தணிக்கும் இன்டர்லூக்கின் 10 ஏறி, சண்டை அடங்கிவிடும். குடல் புண்ணாகாமல் இருப்பதால் நமக்கும் அதில் கொஞ்சம் லாபம்தான், ஆனால் புழு உறிஞ்சுவதால் ரத்தம் தினமும் போய்க்கொண்டே இருக்கும், சோகை வரும். ஐஜிஇ (IgE) என்ற எதிர்ப்புப் புரதமும் தாராளமாக உண்டாகும், இருந்தும் அடுத்த புழுவை முழுசாகத் தடுக்க அது போதவில்லை.

சரி, மாத்திரை? பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் குடலில் இருக்கும் புழுவைக் கொல்லும், அவ்வளவுதான். உடம்புக்கு எதையும் கற்றுக்கொடுக்காது, மண்ணில் கிடக்கும் இளம்புழுவையும் தொடாது. உறைபனி விழும் ஊட்டியைவிட எங்கள் பக்கத்து வெதுவெதுப்பான ஈரமண் அதற்குத் தோது, வெறுங்காலில் கொழுந்து பறிக்க நின்றால் தோல் வழியாகவே ஏறிவிடும். பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுத்தால் மட்டும் போதாது, தோட்டத்துக்குப் போகும் பெரியவர்களும் டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் மட்டும் வேண்டாம்.