அப்பா எழுதிக்கச் சொன்னார் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

சொந்த ஊர் கடலூர் மஞ்சக்குப்பம், பெங்களூரில் ஐடி வேலை. ராத்திரி சாப்பிட்ட பிறகு ஸ்டார்டியூ வேலி என்ற வீடியோ கேம் விளையாடுகிறேன். கம்பெனி வேலையை உதறிவிட்டு, தாத்தா விட்டுப்போன தோட்டத்துக்குப் போய் விதைப்பது, மீன் பிடிப்பது, ஊர்க்காரர்களோடு பழகுவது, இவ்வளவுதான் கேம். அங்கே யாரும் சம்பளம் எவ்வளவு, இன்னும் குழந்தை இல்லையா என்று கேட்பதில்லை. நம் ஊர் ஏன் அப்படி இல்லை? இதைக் கலை என்று சொல்லலாமா? பண்ருட்டிப் பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கிவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன். மனைவி திட்டுகிறார்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலு வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து படம், இசை, கதை, புரோகிராம் எல்லாவற்றையும் தானே செய்து 2016-இல் வெளியிட்டது அது. கலையா என்று என்னிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது, விடுங்கள்.

என் மகள் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு உறுத்தியது அதில் பியர் என்பவர் நடத்தும் விதைக் கடை. புதன்கிழமை லீவு, போனால் கதவு பூட்டியிருக்கும், திரும்பி வர வேண்டியதுதான். நம் ஊரில் பின்பக்கமாகப் போய் "அண்ணாச்சி" என்று குரல் கொடுத்தால் கால் கிலோ சர்க்கரை வந்துவிடும். அதைக்கூட மன்னிக்கலாம், ஆனால் அந்த ஊர் முழுக்கத் தேடினாலும் கடன் நோட்டு கிடையாது! கையில் காசிருந்தால் விதை, இல்லாவிட்டால் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மயங்கி விழுந்தால், கையிருப்பில் ஒரு பங்கு போய்விடும். இது என்ன சின்ன ஊர்?

திருப்பாதிரிப்புலியூரில் நான் வளர்ந்த தெருவில் மாசக் கடைசியானால் அப்பா மளிகைக் கடை வழியாகப் போக மாட்டார், சன்னதித் தெருவைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குப் போவார். கடைக்குப் போவது நான். "அப்பா எழுதிக்கச் சொன்னார்" என்ற அந்த ஒரு வரியைச் சொல்ல, முன்னால் நிற்பவர்கள் எல்லாரும் போகும்வரை புளி மூட்டை ஓரமாக நிற்பேன். அண்ணாச்சி காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து, அந்த நீள நோட்டில் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டி, எங்கள் பேர் வந்ததும் நிறுத்திக் கேட்பார்: "போன வாரம்தானே அரை லிட்டர் எண்ணெய் போச்சு, வீட்ல யாராச்சும் வந்திருக்காங்களா?" அத்தை வந்திருக்கிறார், மாமா வீட்டில் சண்டை, எல்லாம் அங்கே சொல்லியாக வேண்டும். தம்பி, நீங்கள் வெறுக்கிற கேள்வி இதுதானே? இதைக் கேட்டுவிட்டுத்தான் எண்ணெய் அளப்பார். எங்களிடம் அடகு வைக்க ஒன்றும் இல்லை. எங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்ததுதான் அவருக்கு இருந்த ஒரே பிடி. பேங்க் பேப்பரில் கேட்பதை அவர் வாயால் கேட்டார், அதுவும் பத்துப் பேர் முன்னால். கூசத்தான் செய்யும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் வேண்டாம், மற்றதெல்லாம் வேண்டும் என்றால் எப்படி?

2011 டிசம்பர் 30, தானே புயல். நம் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. கரண்ட் கம்பமெல்லாம் தெருவில் கிடந்தது. அண்ணாச்சி பாதி ஷட்டரைத் தூக்கி மெழுகுவத்தி, அரிசி, தீப்பெட்டி என்று காசு கேட்காமல் கொடுத்தார். கூரை ஒழுகி நோட்டு ஊறிப்போய், பாதிப் பக்கம் மை கரைந்து ஒன்றும் படிக்க முடியவில்லை. பொங்கல் கழிந்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "நீங்களே சொல்லுங்க, எவ்வளவு" என்றார். சொன்னார்கள். ஒருவர் மட்டும் நன்றாகக் குறைத்துச் சொன்னார். அண்ணாச்சி வாயைத் திறக்காமல் அதை எழுதிக்கொண்டார். தெரு சும்மா இருக்குமா, குறைத்துச் சொன்னவர் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் காதுவரைக்கும் அது போனது. அநியாயம்தான். அண்ணாச்சி அப்படிக் கேட்க முடிந்ததே இந்தத் தெருவை நம்பித்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அனிமல் கிராஸிங் என்ற இன்னொரு கேமில் கடன் உண்டு என்பீர்கள். சீபாவிலிருந்து கியோட்டோவுக்கு வேலைக்கு வந்து, வீட்டு நினைப்பில் தவித்த கட்சுயா எகுச்சி என்பவர் யோசித்த விளையாட்டு அது. உங்கள் ஏக்கம் அவருக்கும் தெரியும். ஆனால் அதில் வீட்டுக்குக் கடன் கொடுக்கும் டாம் நூக் வட்டியும் கேட்க மாட்டான், கெடுவும் வைக்க மாட்டான், மெஷினில் கட்டிவிட்டு வரலாம். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். உங்களைப் போன்றவர்களுக்குத் தோதான கடன்.

நிலம் வாங்குவது பற்றி: உங்கள் கேமில் முதல் கிழங்கு நாலே நாளில் வந்துவிடும். முந்திரி ஒட்டுக்கன்று வைத்தாலே மூன்று வருஷமாவது காத்திருக்க வேண்டும், பலா அதற்கும் மேல். தானேயில் விழுந்த பலா மரங்களை வைத்தவர்கள் பலர் அப்போது உயிரோடுகூட இல்லை. வாங்குவதானால் மே மாசம் வந்து கிணற்றை எட்டிப் பாருங்கள், பக்கத்து நிலத்துக்காரரிடம் பேசுங்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்பார். சொல்லுங்கள்.

மனைவி விஷயத்தில் நான் அவர் பக்கம். அந்தக் கேமை இரண்டு பேர் சேர்ந்தும் விளையாடலாம் என்பதை அவரிடம் சொன்னீர்களா, இல்லையா?

அன்புடன்.